இரண்டு கையெழுத்து, ஒரு ட்ரங்குப் பெட்டி

கீழக்கரையிலோ பாம்பனிலோ தொண்டியிலோ பழைய வீட்டை இடித்துக் கட்டும்போது, கட்டிலுக்கு அடியில் கிடந்த ட்ரங்குப் பெட்டி வெளியே வரும். திறந்ததும் எல்லாரும் தேடுவது பட்டா, கிரயப் பத்திரம், பாஸ்போர்ட். அவை கிடைத்ததும் தனியாகப் பத்திரமாகிவிடும். மிச்சமெல்லாம் ‘சும்மா காகிதம்’. அந்தச் சும்மா காகிதத்தில்தான் வீட்டு அம்மாவின் பாதி கிடக்கிறது: மொய் நோட்டு, சீட்டுக் கணக்கு, நகை அடகு ரசீது, பிள்ளைகள் பிறந்த நேரம் குறித்த டைரித் தாள், மருந்துச் சீட்டுக்குப் பின்னால் எழுதிய அரிசிக் கணக்கு, நூல் போட்டுக் கட்டிய கடிதக் கட்டு. கணவர் பெயரில் இருப்பதால் ஒரு தாள் பிழைக்கிறது. மனைவி கையால் எழுதியது என்பதால் இன்னொன்று பழைய பேப்பர் கடைக்குப் போகிறது. கணவன் மனைவி தாள்களைக் காப்பாற்ற நினைக்கும் யாரும் முதலில் நிறுத்த வேண்டியது இந்தப் பிரிவினையைத்தான்.

இந்த இராமநாதபுரம் கரைக்கு இது கூடுதலாகப் பொருந்தும். கொழும்பு, மலேயா, பர்மா, பிறகு வளைகுடா என்று ஆண்கள் கடல் கடந்து பிழைத்த ஊர்கள் இவை. திருமண வாழ்க்கையில் பெரும்பகுதி தபாலில் நடந்தது. அப்படிப்பட்ட வீட்டில் கடிதங்கள் குறுக்காகக் கிடக்கும். அவர் எழுதியது இவருடைய அலமாரியில். இவர் எழுதியது அவருடைய பெட்டியில், கடலுக்கு அப்பால். அவர் ஊரோடு வந்து சேரும்போது அந்தப் பெட்டியையும் கொண்டுவந்திருந்தால்தான் இரண்டு கட்டும் ஒரே வீட்டில் சந்திக்கும். ஆவணக் காப்பகங்களில் ஒருவருக்கு வந்த கடிதங்கள் ஏராளம். அவற்றுக்குப் போன பதில் கிடைப்பது அரிது. ஒரு கடிதத்தில் “பணம் வந்ததா” என்று இருக்கும். மற்றதில் அந்தப் பணம் எந்த அடகை மீட்டது, எந்தக் கூரையை மாற்றியது என்று இருக்கும். பிரித்தால் இரண்டும் பாதிப் பேச்சு.

ஆகவே பெட்டியைத் திறந்தவுடன் எதையும் எடுக்காதீர்கள். மூடி திறந்த நிலையில் ஒரு படம். ஒவ்வொரு அடுக்கை எடுத்ததும் இன்னொரு படம். எது எதன் மேல் இருந்தது, எது எதோடு கட்டியிருந்தது என்பதே ஒரு தகவல். திருமணப் பத்திரிகைக்குள் ஒரு மணியார்டர் ரசீது மடித்து வைத்திருந்தால் யாரோ காரணத்தோடுதான் வைத்திருக்கிறார்கள். தேதி வாரியாக அடுக்கிவிட்டால் அந்தக் காரணம் திரும்ப வராது. நல்லெண்ணத்தோடு அடுக்கியதால் கெட்ட பெட்டிகள், கரையான் தின்றவற்றுக்குக் குறைந்தவை அல்ல என்பது என் எண்ணம்.

எண் போட 2பி பென்சில் மட்டும். தாளின் பின்பக்கம், கீழ் மூலையில், அழுத்தாமல். பெட்டி 1, கட்டு 3, தாள் 12 என்றால் 1/3/12. பேனாவால் எழுதினால் ஈரத்தில் ஊறி முன்பக்கம் வரும். எண் போட்ட பிறகுதான் நூலை அவிழ்க்கலாம், குண்டூசியை எடுக்கலாம். கம்பியில் குத்தித் தொங்கவிட்ட கடிதங்களுக்குத் தனிக் கவனம் வேண்டும். கம்பியின் அடியில் இருப்பது பழையது, மேலே இருப்பது புதியது. மேல் கொக்கியைக் குறட்டால் நிமிர்த்தி ஒவ்வொன்றாக மேல்வழியே உருவுங்கள். முதலில் கையில் வருவது கடைசிக் கடிதம் என்பதால் எண்ணைப் பின்னாலிருந்து போட வேண்டும். அடித்தட்டைக் கழற்றி மொத்தமாக இழுத்தால் கம்பியின் துரு எல்லாத் துளைகளையும் கிழித்துக்கொண்டு வரும்.

கணவர் கடிதத்தையும் மனைவியின் பதிலையும் அருகருகே வைத்துப் பார்க்கும் ஆசை எல்லாருக்கும் வரும். தாள்களைக் கலக்காமலே அதைச் செய்யலாம். ஒவ்வொரு தாளும் தான் இருந்த கட்டிலேயே இருக்கட்டும். பட்டியலில் ‘எதற்குப் பதில்’ என்று ஒரு பத்தி போட்டு, மற்றக் கட்டின் எண்ணை எழுதுங்கள். 1/3/12-க்கு நேராக 1/5/9 என்று இருந்தால் போதும்.

இனி உப்பு. காகிதத்துக்கு ஏற்ற ஈரப்பதம் 45 முதல் 55 சதவீதம். 65-ஐத் தாண்டி நின்றால் பூஞ்சை பிடிக்கும். கடலோர வீட்டில் அந்த எல்லை தாண்டுவது சாதாரணம். அதற்கு மேல் இன்னொரு சங்கடம்: சமையல் உப்பு, காற்றின் ஈரப்பதம் ஏறத்தாழ 75 சதவீதம் ஆனதும் தானே நீரை இழுத்துக் கரையத் தொடங்கும். கடலுப்பில் கலந்திருக்கும் மெக்னீசியம் குளோரைடுக்கு 33 சதவீதமே போதும். அதனால் வருஷக்கணக்காகக் கடல்காற்று பட்ட தாள், கைக்குக் காய்ந்ததாகத் தெரிந்தாலும் உள்ளே ஈரம் பிடித்துக்கொண்டிருக்கும். மதுரையில் பல ஆண்டு தாங்கும் குண்டூசி கடலோர ஊரான மண்டபத்தில் சீக்கிரமே துருப்பிடித்துத் தாளைத் துளைப்பது இதனால்தான்.

ஈரப்பதமானி ஒன்று வாங்குங்கள். மலிவானது போதும், ஆனால் அதை நம்புவதற்கு முன் சோதிக்க வேண்டும். அதற்கும் உப்புதான் உதவுகிறது. பாட்டில் மூடியில் சமையல் உப்பைப் போட்டு, கரைந்து போகாமல் சேறு போல ஆகும் அளவுக்குச் சில சொட்டுத் தண்ணீர் விடுங்கள். மானியோடு அதை ஜிப் கவரில் வைத்து மூடி 12 மணி நேரம் விடுங்கள். 75 காட்ட வேண்டும். 70 காட்டினால் எப்போதும் 5 கூட்டிப் படியுங்கள்.

தாளைச் சுத்தம் செய்யும்போது ஈரத்துணி கூடவே கூடாது. மென்மயிர்த் தூரிகையால் நடுவிலிருந்து ஓரத்துக்குத் தள்ளுங்கள். மின்விசிறி ஓடக்கூடாது. பூஞ்சை இருந்தால் நிழலான திறந்தவெளியில், காற்று உங்கள் முதுகுப்பக்கம் இருக்க, என்-95 முகக்கவசத்தோடு. பூஞ்சை பொடியாக உதிர்ந்தால் தூரிகை வேலை செய்யும். பிசுபிசுப்பாக இழுவினால் அது இன்னும் உயிரோடு இருக்கிறது. முதலில் உலர்த்துங்கள், துடைப்பது பிறகு. துருப்பிடித்த ஊசியை உருவாதீர்கள். ஊசிக்கும் தாளுக்கும் நடுவே மெல்லிய பாலியெஸ்டர் தகட்டைச் செருகி, மழுங்கிய கத்தியால் காலை நிமிர்த்தி எடுங்கள். அதற்குப் பதிலாக ஜெம் கிளிப் போட வேண்டாம். வெள்ளைத் தாளை இரண்டாக மடித்து உறைபோல வைத்தால் போதும்.

ட்ரங்குப் பெட்டியைப் பற்றி நல்லதும் சொல்ல வேண்டும்: கரையான் ஏறாது, எலி கடிக்காது. கெட்டது, தகரம் இரவில் சட்டென்று குளிர்வதால் உட்பக்கம் நீர் வியர்க்கும். மூடியின் துரு மேல்தாளில் உதிரும். பெட்டியை வைத்துக்கொள்வதானால் உள்ளே காடாத் துணி விரியுங்கள். அதை இரண்டு முறை வெந்நீரில் அலசிக் கஞ்சி போன பிறகே விரிக்க வேண்டும். கஞ்சி ராமபாணப் பூச்சிக்கு விருந்து. பழைய சர்க்கார் கச்சேரி அலுவலகக் கட்டுகளைப் போலச் சிவப்புத் துணியில் சுற்றுவது பார்க்க அழகு, ஆனால் நனைந்தால் சாயம் எல்லாவற்றிலும் இறங்கும். பெட்டியைத் தரையிலிருந்தும் சுவரிலிருந்தும் 15 சென்டிமீட்டர் தள்ளி வையுங்கள். மொட்டைமாடிக்குக் கீழுள்ள சிலாப்பில் ஏற்றாதீர்கள். சித்திரை வெயிலும் ஐப்பசி ஒழுக்கும் முதலில் அங்கேதான் இறங்கும்.

இறுக்கமான மூடியுள்ள பாலிப்ரொப்பிலீன் பெட்டிக்கு மாற்றுவது இன்னும் நல்லது. சிலிக்கா ஜெல் அப்போதுதான் பயன்தரும்; தகரப் பெட்டியின் இடுக்கு வழியே வரும் காற்றுக்கு அது ஈடுகொடுக்காது. அருங்காட்சியகக் காட்சிப் பெட்டிகளுக்கு ஒரு கன மீட்டருக்கு 20 கிலோ என்று கணக்கு. 60 லிட்டர் பெட்டிக்கு 1.2 கிலோ வரும். நீல மணிகளில் கோபால்ட் குளோரைடு இருப்பதால் வீட்டில் சூடாக்க உகந்தவை அல்ல. ஆரஞ்சு நிறத்தை வாங்குங்கள். அது பச்சையானதும் ஓவனில் 120 டிகிரியில் 2, 3 மணி நேரம் வைத்தால் பழைய நிறத்துக்கு வரும். ஈரமான தாளை இப்படிப்பட்ட பெட்டியில் அடைத்துவிட்டால் மட்டும் எல்லாம் தலைகீழாகும்: வெளியேற வழியில்லாத ஈரம் பத்து நாளில் பெட்டி முழுக்கப் பூஞ்சையாகும். முதலில் தாள், பிறகு பெட்டி.

எப்போது காற்றாட வைப்பது என்பதற்கு ஒரே விடை கிடையாது. ஆனி ஆடியில் வீசும் கச்சான் என்ற தென்மேற்குக் காற்று, வடகடல் (பாக் நீரிணை) பக்கமுள்ள தொண்டி, தேவிபட்டினம் போன்ற ஊர்களுக்குத் தரையைத் தாண்டி வரும் உலர்காற்று. தென்கடல் (மன்னார் வளைகுடா) ஓரத்துக் கீழக்கரைக்கும் ஏர்வாடிக்கும் அதே காற்று கடலைத் தொட்டு வரலாம். இராமேசுவரம் தீவில் மணலையும் அள்ளி வரும். மானி 60-க்குக் கீழே காட்டும் நண்பகல் நேரம் எந்த மாதத்தில் வந்தாலும் அதுதான் உங்கள் நேரம். வெயிலில் வைக்கக் கூடாது. நிழலும் திறந்த சன்னலும் போதும்.

பூச்சிக்கு வசம்பைத் துணியில் முடிந்து போடலாம். புதிதாக வருவதைக் கொஞ்சம் தடுக்கும், உள்ளே இருப்பதைக் கொல்லாது. பச்சை வேப்பிலை தாளுக்குத் தண்ணீரைத்தான் கொடுக்கும். அந்துருண்டை வேண்டாம். பூச்சி உள்ளே இருக்கிறது என்றால் தாள்களைப் பாலிதீனில் உள்ளே காற்று இல்லாதபடி சுற்றி ஒட்டி, மைனஸ் 18 டிகிரி ஃப்ரீசரில் 2 வாரம் வையுங்கள். எடுத்த பிறகு 24 மணி நேரம் கவரைப் பிரிக்கக் கூடாது; பிரித்தால் கடல்காற்றின் ஈரம் சில்லென்ற தாளில் நீராகப் படியும். புகைப்படங்களை இதில் சேர்க்காதீர்கள்.

பழுதுபார்ப்பதில் மூன்று ‘கூடாது’ உண்டு. செல்லோ டேப் மஞ்சளாகிப் பசை தாளுக்குள் இறங்கும். மயில்துத்தம் கலந்த மைதாப் பசை பூச்சியைத் தடுக்கும் என்று பைண்டிங் கடைகளில் பழக்கம். அதிலுள்ள செம்பு தாளையே அரிக்கும். லேமினேஷன் எல்லாவற்றையும்விட மோசம். சூட்டில் உருகிய பிளாஸ்டிக் தாளோடு ஒன்றாகிவிட்டால் பிரிக்க வழியில்லை. உள்ளே தாள் தன் அமிலத்தில் தானே வெந்துகொண்டிருக்கும். ரேஷன் கார்டுக்குச் செய்வதைக் கல்யாணப் பத்திரிகைக்கும் செய்ய வேண்டாம். கிழிசலை அப்படியே உறையில் வைப்பதே பெரும்பாலும் நல்ல மருத்துவம். ஒட்டியே தீர வேண்டுமென்றால் ஜப்பானியத் திசுத்தாளும் கோதுமை மாவின் ஸ்டார்ச் மட்டும் எடுத்துக் காய்ச்சிய பசையும்.

மையைப் பார்த்து நடந்துகொள்ளுங்கள். பழைய நீலக்கருப்பு மையில் இரும்பும் கடுக்காய் வகைத் துவர்ப்பும் உண்டு. எழுத்தைச் சுற்றிப் பழுப்பு வட்டம் தெரிந்தால் அது தாளைத் தின்னத் தொடங்கிவிட்டது. அந்தத் தாளை மடிக்காமல், ஈரம் படாமல் வைக்க வேண்டும். காப்பி பென்சில் எழுத்து பார்க்கச் சாம்பல் நிறம். ஒரு சொட்டுத் தண்ணீர் பட்டால் ஊதாவாகக் கரைந்துவிடும். வெப்பத்தாளில் அச்சான ரசீது, ஃபேக்ஸ் சில ஆண்டுகளில் வெற்றுத்தாளாகும். அதை இன்றைக்கே ஸ்கேன் செய்யுங்கள். தந்தியில் எழுத்துகள் ஒட்டிய காகித நாடாவில் இருக்கும். பசை காய்ந்தால் நாடா உதிர்ந்து வாக்கியம் கலைந்துபோகும். உதிருமுன் படமெடுத்து, பாலியெஸ்டர் உறையில் தட்டையாக வையுங்கள். பழைய ஆல்பத்தின் ஒட்டும் பக்கங்களும் பிவிசி உறைகளும் படங்களைக் கெடுக்கும். கண்ணாடிச் சட்டத்தில் ஒட்டிக்கொண்ட கல்யாணப் படத்தைப் பிய்க்காமல் கண்ணாடியோடு ஸ்கேன் செய்யுங்கள்.

புயலில் நனைந்தால் கணக்கு 48 மணி நேரம். அதற்குள் உலரவோ குளிரவோ வேண்டும், இல்லையென்றால் பூஞ்சை. கடல்நீரில் நனைந்ததை அப்படியே உலர்த்தினால் உப்பு உள்ளேயே தங்கி, பிறகு ஆயுள் முழுக்க ஈரத்தை இழுக்கும். அச்சு, பென்சில், கார்பன் பிரதி, பால்பாயிண்ட் ஆகியவற்றை நல்ல தண்ணீரில் ஒரு தட்டில் கிடத்தி மெதுவாக அலசலாம். பேனா மையையும் காப்பி பென்சிலையும் அலசக் கூடாது; வெள்ளைத் தாளுக்கு நடுவே ஒற்றி எடுங்கள். உலர்த்த ஆள் போதாவிட்டால் மீன்பிடித் துறையில் கிடைக்கும் புதுத் தெர்மாகோல் பெட்டியும் ஐஸும் உதவும். மீன் வைத்த பெட்டி வேண்டாம். தாள்களைச் சிறு கட்டுகளாகப் பாலிதீனில் சுற்றி, ஐஸ் உருகிய நீர் தொடாதபடி தட்டுப் போட்டு அடுக்கினால், பூஞ்சை ஓரிரு நாள் பின்வாங்கும். அதற்குள் பெரிய ஃப்ரீசருக்குக் கொண்டுபோய்விடலாம். ஒன்றோடொன்று ஒட்டிய படங்களை மட்டும் உலரவிடாமல் சுத்தமான நீரில் வைத்துப் பிரியுங்கள்.

தேதியில்லாத கடிதங்களுக்கு இந்தக் கரையே நாள்காட்டி. தனுஷ்கோடி தபால் முத்திரை இருந்தால் அது 1964 டிசம்பர் 22 இரவுப் புயலுக்கு முந்தியது. முகவரியில் ‘சிலோன்’ என்று மட்டும் இருந்தால் 1972 மே மாதத்துக்கு முன்பு எழுதியதாக இருக்க வாய்ப்பு அதிகம். ஆனால் இங்கே வாய்ப்பழக்கத்தில் அதற்குப் பிறகும் சிலோன்தான், ஆகவே முத்திரையையும் பாருங்கள். 623 என்று தொடங்கும் அஞ்சல் குறியீடு இருந்தால் 1972 ஆகஸ்ட் 15-க்குப் பிந்தியது. ‘ந.பை.’ (நயா பைசா) என்று கணக்கெழுதியிருந்தால் 1957 ஏப்ரலுக்கும் 1964-க்கும் நடுவில். இன்லண்ட் லெட்டர் 1950-க்கு முன்பு கிடையாது. சிவகாசி உறவினர் முகவரியில் இராமநாதபுரம் மாவட்டம் என்று இருந்தால் 1985-இல் மாவட்டம் பிரிவதற்கு முந்தியதாக இருக்கலாம். தமிழ் வருஷம் 60 ஆண்டுக்கு ஒருமுறை திரும்பி வரும்: குரோதி என்றால் 1964-65, அதற்கு முன் 1904-05, பின் 2024-25. ஹிஜ்ரி தேதியை ஆண்டுக் கழித்தல் கணக்கில் மாற்றினால் தவறும். அந்த ஆண்டு சுமார் 11 நாள் குறைவு, பிறை பார்ப்பதில் ஒரு நாள் முன்பின் ஆகும். ஹிஜ்ரி 1400 பிறந்தது 1979 நவம்பரில் என்பதை ஒரு முளையாக வைத்துக்கொண்டு எண்ணலாம். நீங்கள் ஊகித்த தேதியை எப்போதும் சதுர அடைப்புக்குள் எழுதுங்கள். தாளில் உள்ளதும் நீங்கள் சேர்த்ததும் கலக்கக் கூடாது.

யார் எழுதியது என்பது அதைவிடச் சிக்கல். மனைவிக்கு என்று தனிக் கடிதம் எழுதுவது பல வீடுகளில் வழக்கமில்லை. உறையில் அம்மா பெயரோ அண்ணன் பெயரோ இருக்கும். கடைசி நாலு வரி மட்டும் “வீட்டில் சொல்லவும்” என்று அவருக்கு. அதை ‘தாய்க்கு எழுதிய கடிதம்’ என்று பட்டியலிட்டால் மனைவி மறைந்துபோவார். பதில் எழுதும்போது எழுதத் தெரியாதவர் பக்கத்து வீட்டுப் பிள்ளையையோ வாத்தியாரையோ தபால்காரரையோ எழுதச் சொல்வார். கையெழுத்து மூன்றாமவருடையது, பேச்சு அவருடையது. ஆகவே பட்டியலில் ‘எழுதியவர்’ என்ற ஒரு பத்தி போதாது: சொன்னவர், எழுதியவர், உறையில் உள்ள பெயர், உண்மையில் யாருக்கு என்று நாலு பத்தி வேண்டும். கையெழுத்தை அடையாளம் காட்டக்கூடிய பெரியம்மாவோ பெரியத்தாவோ இருக்கும்போதே மாதிரித் தாள்களைக் காட்டிக் கேட்டு, யார் எந்தத் தேதியில் சொன்னார் என்றும் குறியுங்கள்.

கீழக்கரை போன்ற ஊர்களின் பெட்டிகளில் அரபு எழுத்தில் தமிழை எழுதிய அர்வித் தாள்கள் கிடைக்கும். பெண்கள் கையால் எழுதியவை இவற்றில் உண்டு. அரபி என்று நினைத்துப் பள்ளிவாசல் கிதாபுகளோடு சேர்த்துவிடுகிறார்கள். ட, ப, ள போன்ற தமிழ் ஒலிகளுக்காக அரபு எழுத்தோடு புள்ளி கூட்டிய எழுத்துகள் தெரிந்தால் அது அர்வி. ஸ்கேன் செய்யும்போது பக்க வரிசை வலமிருந்து தொடங்க வேண்டும். இடமிருந்து எண் போட்டால் கடிதம் பின்னாலிருந்து தொடங்கும். தலைப்பில் உள்ள 786, பிள்ளையார் சுழி, சிலுவைக் குறி இவற்றையும் பட்டியலில் எழுதுங்கள், அலங்காரம் என்று விட்டுவிடாமல்.

பட்டியலுக்கு உலக அளவில் ஒரு நெறி இருக்கிறது. அதிலுள்ள 26 கூறுகளில் 6 கட்டாயம்: அடையாள எண், தலைப்பு, உருவாக்கியவர், காலம், அளவு, எந்த நிலை விவரிப்பு என்பது. உருவாக்கியவர் என்ற இடத்தில் இரண்டு பெயர் போடத் தடையில்லை, போடுங்கள். ‘இன்னார் தாள்கள்’ என்று கணவர் பெயரில் தலைப்பிட்டு, மனைவியை உள்ளே ‘குடும்பக் கடிதங்கள்’ என்ற கட்டுக்குள் அடக்குவதை இனியாவது விட வேண்டும். கல்யாணத்துக்குப் பிறகு அவருடைய முன்னெழுத்து மாறியிருக்கும். பள்ளிச் சான்றிதழில் தகப்பன் எழுத்து, ரேஷன் கார்டில் கணவர் எழுத்து. இரண்டையும் எழுதாவிட்டால் ஒரே பெண் பட்டியலில் இரண்டு ஆளாகிவிடுவார்.

ஸ்கேனுக்கு எழுத்துத் தாள் 300 டிபிஐ, படமும் பொடி எழுத்தும் 600. ஏ4 தாள் 300-இல் வண்ணத்தில் சுமார் 26 எம்பி, 600-இல் அதைப்போல் நாலு மடங்கு. மூலப்படி டிஃப் கோப்பாக, பார்ப்பதற்கு ஜேபெக். இன்லண்டையும் ஏரோகிராமையும் முழுக்க விரித்து முத்திரைப் பக்கத்தோடு எடுங்கள். மடிப்பு ஓரத்தில் நெருக்கி எழுதிய வரிகள் அங்கேதான் ஒளிந்திருக்கும். மூன்று பிரதி, இரண்டு வகைச் சாதனம், ஒன்று கடலோரத்தை விட்டு வெளியே.

காப்பகத்துக்குக் கொடுப்பதானால் எழும்பூரில் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் இருக்கிறது, சென்னை தரமணியில் 1994-இல் தொடங்கிய ரோஜா முத்தையா ஆராய்ச்சி நூலகம் இருக்கிறது. இலங்கை தொடர்பான தாள்களின் மின்படிக்கு 2005 முதல் இயங்கும் ‘நூலகம்’ என்ற இணையத் தொகுப்பை அணுகலாம். பெட்டியோடு போய் நிற்காமல், முன்கூட்டியே இரண்டு பக்கக் குறிப்பு அனுப்புங்கள்: எத்தனை அடி அடுக்கு, எந்த ஆண்டுகள், எந்த மொழி, பூஞ்சை உண்டா, பதில் கடிதங்களும் சேர்ந்திருக்கின்றனவா. கடைசி விவரத்தை முதல் வரியிலேயே எழுதுங்கள். நிலப் பத்திரத்தின் அசலை வீட்டில் வைத்துப் பிரதி கொடுங்கள். 1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்தில் தாயகம் திரும்பி மண்டபம் முகாம் வழியே வந்த குடும்பங்கள் தங்கள் குடும்ப அட்டையையும் (ரேஷன் கார்டு அல்ல, தாயகம் திரும்பியவர்களுக்குத் தந்த அட்டை) அப்படியே வைத்துக்கொள்ள வேண்டும். சான்றாக இன்றும் தேவைப்படும். ஆதார் எண்ணும் வங்கிக் கணக்கும் உள்ள தாளை விலக்குங்கள்.

கடிதத் தாள் பெற்றவருக்குச் சொந்தம். அதிலுள்ள எழுத்தின் காப்புரிமை எழுதியவருக்கு, பிறகு அவர் வாரிசுகளுக்கு. இரு தரப்பு வாரிசுகளும் ஒரே பிள்ளைகளாக இருந்தால் சிக்கலில்லை. மறுமணம் இருந்தால் எல்லாரிடமும் கையெழுத்து வாங்குங்கள். தானமா, ஒப்படைப்பா என்பதை எழுத்தில் தெளிவாக்குங்கள். எந்தக் கட்டு எத்தனை ஆண்டு மூடி இருக்க வேண்டும் என்பதையும். மூடி வைப்பதில் எனக்கு ஆட்சேபம் இல்லை, கிழித்துப் போடுவதில்தான் ஆட்சேபம். கோபத்தில் எழுதிய கடிதம் 30 ஆண்டு பூட்டி இருக்கலாம்.

பெட்டியின் அடியில் கேசட்டுகள் இருக்கும். வளைகுடாவிலிருந்து வாப்பாவோ அப்பாவோ பேசி அனுப்பியவை, வீட்டிலிருந்து உம்மாவும் பிள்ளைகளும் பேசி அனுப்பியவை. இவையும் கடிதங்களே, அதே வரிசையில் எண் கொடுங்கள். முதலில் கேசட்டின் மேல்விளிம்பில் இருக்கும் இரண்டு சிறு பிளாஸ்டிக் தடுப்புகளை உடைத்துவிடுங்கள். தவறிப் பதிவுப் பொத்தானை அழுத்தினாலும் அழியாது. சன்னல் வழியே பாருங்கள். நாடாச் சுருளின் ஓரத்தில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டாதீர்கள். அந்தப் பூஞ்சை டெக்கின் தலையில் ஏறி அடுத்த கேசட்டுக்கும் போகும். நன்றாக இருப்பதை ஒருமுறை முழுக்க முன்னோட்டிப் பின்னோட்டி, தலையை ஐசோப்ரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து, 24 பிட், குறைந்தது 48 கிலோஹெர்ட்ஸில், எம்பி3 ஆக அல்லாமல் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஓட்டும் டெக் நல்லதாக இருக்கட்டும். முதல் ஓட்டமே கடைசி ஓட்டமாகலாம் என்று வைத்துக்கொண்டு வேலை செய்யுங்கள்.

60 நிமிடக் கேசட்டில் ஒரு பக்கத்துக்கு 30 நிமிடம். அவர் 19-ஆவது நிமிடத்தில் பேசி முடித்து, சலாமோ வணக்கமோ சொல்லி நிறுத்தியிருப்பார். அங்கே நீங்களும் நிறுத்தாதீர்கள். நாடா தீரும்வரை பதிவு ஓடட்டும். வந்த கேசட்டிலேயே பதிலையும் பேசி அனுப்புவது வழக்கமாக இருந்தது. பின்னால் பேசியவர் குறைவாகப் பேசியிருந்தால், அவர் குரல் முடிந்த இடத்துக்கு அப்பால் முன்னால் பேசியவரின் குரல் அழியாமல் இருக்கும். அதற்குத் தனி எண் கொடுத்து, பின்னால் பேசியதற்கு நேராக ‘எதற்குப் பதில்’ பத்தியில் அந்த எண்ணை எழுதுங்கள்.